ஆண் கூலி, பெண் கூலி: தமிழ்நாட்டுத் தொழில்களில் ஊதிய ஏற்றத்தாழ்வு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊதிய இடைவெளி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "எங்கள் நிறுவனத்தில் அப்படி எதுவும் இல்லை, ஒரே பதவிக்கு ஒரே சம்பளம்தான்" என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. பல இடங்களில் அந்தப் பதில் உண்மையும்கூட. ஆனாலும் அதே இடங்களில் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் பணம் குறைவாகவே இருக்கிறது. இவை இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக முடியும் என்பதை வயல் முதல் மென்பொருள் நிறுவனம் வரை தமிழ்நாட்டுத் தொழில்களைக் கொண்டு இங்கே விளக்கியிருக்கிறோம். தோட்டத் தொழில் பற்றிய பதிலில் மட்டும் மூணாறும் இலங்கை மலையகமும் வருகின்றன. அங்கே கொழுந்து பறிப்பவர்களிலும் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்களே.

பாலின ஊதிய இடைவெளி என்றால் ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் கொடுப்பதுதானே?

அது அதன் ஒரு பகுதி மட்டுமே. ஒரே வேலைக்கு இரு விகிதங்களில் கொடுப்பது நேரடியான பாகுபாடு. அதைச் சட்டம் தடுக்கிறது. ஊதிய இடைவெளி என்பது ஒரு நிறுவனத்திலோ தொழிலிலோ நாட்டிலோ உள்ள ஆண்கள் அனைவரின் சராசரி ஊதியத்தையும் பெண்கள் அனைவரின் சராசரி ஊதியத்தையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை ஆண்களின் ஊதியத்தில் இத்தனை விழுக்காடு என்று சொல்வது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தில் 40 ஆண்களும் 60 பெண்களும் இருக்கிறார்கள். மேல்நிலைப் பணிக்கு மாதம் 25,000 ரூபாய், கீழ்நிலைப் பணிக்கு 12,000 ரூபாய். இதில் ஆண், பெண் வேறுபாடு ஒரு ரூபாய்கூட இல்லை. ஆனால் மேல்நிலையில் 30 ஆண்களும் 10 பெண்களும், கீழ்நிலையில் 10 ஆண்களும் 50 பெண்களும் இருக்கிறார்கள். இப்போது ஆண்களின் சராசரி 21,750 ரூபாய். பெண்களின் சராசரி ஏறத்தாழ 14,167 ரூபாய். இடைவெளி 35 விழுக்காடு. சம்பளப் பட்டியலை எந்த அதிகாரி வந்து சோதித்தாலும் அங்கே ஒரு விதிமீறலும் அகப்படாது.

தகுதிக்கேற்ற பணி, பணிக்கேற்ற சம்பளம் என்றால் அந்த 35 விழுக்காட்டில் என்ன தவறு?

தவறு இருக்கிறதா இல்லையா என்பதை அந்த எண் சொல்லாது. எங்கே பார்க்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்லும். மேல்நிலைப் பணிக்குப் பெண்கள் ஏன் போகவில்லை, போக வழி இருந்ததா என்பது ஒரு கேள்வி. கீழ்நிலைப் பணி எதனால் கீழ்நிலை ஆனது, அதற்கு 12,000 என்று விலை வைத்தவர் எதைக் கணக்கில் எடுத்தார், எதை விட்டார் என்பது இன்னொரு கேள்வி. பொதுவாக முதல் கேள்வியோடு விவாதம் முடிந்துவிடுகிறது. பணம் பெரும்பாலும் தீர்மானமாவது இரண்டாவது கேள்வியில்தான் என்பது எங்கள் கருத்து. கீழே வரும் தொழில்களில் அதைத் திரும்பத் திரும்பக் காணலாம்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்பின் 39-ஆம் உறுப்பு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் கிடைக்கும்படி அரசு தன் கொள்கையை வகுக்க வேண்டும் என்கிறது. இது நெறிமுறைக் கோட்பாடு. நேரடியாக வழக்குத் தொடுக்க உதவாது. சர்வதேச மகளிர் ஆண்டான 1975-இல் அவசரச் சட்டமாக வந்து, 1976-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சம ஊதியச் சட்டமே அதற்குச் செயல்வடிவம் கொடுத்தது. அந்தச் சட்டம் 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. ஊதியம், தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணிப் பாதுகாப்பு ஆகியவை பற்றிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நான்கும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக ஒன்றிய அரசு அறிவித்தது.

ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஒரே முதலாளி பாலின அடிப்படையில் ஊதியத்தில் வேறுபாடு காட்டக் கூடாது. ஆள் எடுப்பதிலும் காட்டக் கூடாது. திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவை ஒன்றாக இருந்து, ஒத்த சூழலில் செய்யப்படுவதே ஒத்த தன்மையுள்ள வேலை.

இந்தச் சொல்லாட்சியில் ஒரு குறை உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1951-ஆம் ஆண்டு 100-ஆம் உடன்படிக்கை பேசுவது "சம மதிப்புள்ள வேலை" பற்றி. இந்தியா அதை 1958-இல் ஏற்றது. சம மதிப்பு என்றால், வேலைகள் வெவ்வேறாக இருந்தாலும் அவற்றின் கடினத்தையும் பொறுப்பையும் எடைபோட்டு ஒப்பிடலாம். ஒத்த தன்மை என்றால், பக்கத்தில் அதே வேலையைச் செய்யும் ஓர் ஆண் இருக்க வேண்டும். பெண்கள் மட்டுமே இருக்கும் பிரிவில் ஒப்பிட ஆளே கிடைப்பதில்லை.

இந்தச் சட்டத்தால் யாராவது வென்றிருக்கிறார்களா?

1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மெக்கின்னன் மெக்கன்ஸி வழக்கு இதில் முதன்மையானது. அந்த நிறுவனத்தில் மேலதிகாரிகளுக்கு உதவியாக இருந்த பெண் சுருக்கெழுத்தாளர்கள், ஆண் சுருக்கெழுத்தாளர்களைவிடக் குறைவாக ஊதியம் பெற்றார்கள். நிறுவனம் மூன்று வாதங்களை வைத்தது: அந்தப் பிரிவில் ஆண்களே இல்லை, எனவே பாகுபாடு இல்லை; தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படியே ஊதியம் நிர்ணயமானது; நிறுவனத்தின் நிதிநிலை சமமாகக் கொடுக்க இடம் தரவில்லை. மூன்றையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. முதல் வாதத்துக்கு அது சொன்ன பதில் இன்றைக்கும் பயன்படும்: அந்தப் பிரிவில் பெண்கள் மட்டும் இருந்தால், அவர்களை அங்கே வைக்க நிர்வாகம் விரும்பியது என்பதே காரணம், ஆண்களுக்குத் தரப்பட்ட வேலையைச் செய்யும் தகுதி பெண் என்பதால் இல்லாமல் போவதில்லை.

தீர்ப்பு இவ்வளவு தெளிவாக இருந்தும் வழக்குகள் பெருகவில்லை. பக்கத்து மேசைக்காரர் என்ன வாங்குகிறார் என்று தெரியாதவர் எதை வைத்து வழக்குப் போடுவார்?

விவசாயத்தில் மட்டும் ஆண் கூலி, பெண் கூலி என்று எல்லாரும் அறிய இரண்டு விகிதம் இருக்கிறதே, எப்படி?

ஊரறிந்த வழக்கமாக அது நிலைத்துவிட்டதால்தான். ஒன்றிய அரசின் தொழிலாளர் புள்ளிவிவர அமைப்பான லேபர் பீரோ ஊரகக் கூலியை ஆண், பெண் என்று தனித்தனி வரிசையில்தான் வெளியிடுகிறது. எந்த நில உரிமையாளரும் அதை மறைப்பதில்லை. கேட்டால், இரண்டும் வேறு வேறு வேலை என்பார். நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெண்களுக்கு. வரப்பு வெட்டுவதும் மருந்தடிப்பதும் மூட்டை தூக்குவதும் ஆண்களுக்கு. பெண்கள் மதியத்தோடு கரையேறிவிடுகிறார்கள் என்பது அடுத்த வாதம். அது பல ஊர்களில் உண்மைதான். ஆனால் காலையில் சேற்றில் இறங்கி, இடுப்பை நிமிர்த்தாமல் பின்னோக்கி நகர்ந்தபடி நாற்றை ஊன்றிக்கொண்டே போவதை மணிக்கணக்கில் அளந்தால் அதன் கடினம் அளவில் வராது. தவிர, அறுவடை போன்று இருபாலரும் ஒரே வயலில் இறங்கும் வேலைகளிலும் இரண்டு கூலி இருந்த ஊர்கள் உண்டு. வேலைப் பிரிவினை வாதம் அங்கே நிற்காது.

இயந்திரங்கள் இதை மேலும் இறுக்கின. டிராக்டர், அறுவடை இயந்திரம், நடவு இயந்திரம் என்று எது வந்தாலும் ஓட்டுபவர் ஆண். பெண்கள் கையால் செய்துவந்த வேலை இயந்திரத்துக்கு மாறும்போது அது ஆண் வேலையாகவும் மாறிவிடுகிறது.

2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த நூறு நாள் வேலை இதற்கு ஒரு மாற்றைக் காட்டியது. அங்கே இருபாலருக்கும் ஒரே விகிதம். தமிழ்நாட்டில் அந்த வேலை நாட்களில் பத்தில் எட்டுக்கும் மேல் பெண்கள் பெயரில் பதிவாயின. அவர்கள் சோம்பலுக்குப் பழகிவிட்டார்கள் என்று சொல்வது எளிது. சம கூலி கிடைத்த இடத்துக்குப் போனார்கள் என்று சொன்னால் அதே செய்தி வேறு மாதிரி தெரியும்.

கட்டட வேலையில் கொத்தனாருக்குத் திறமை இருக்கிறது, சித்தாளுக்கு இல்லை. கூலி வேறுபடுவது நியாயம்தானே?

கொத்தனாருக்குத் திறமை இருப்பதில் ஐயமில்லை. அதை அவர் எங்கே கற்றார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான கொத்தனார்கள் பள்ளி எதிலும் கற்றவர்கள் அல்லர். உதவியாளாக வந்து, ஓய்ந்த நேரத்தில் மேஸ்திரியின் கரணையை வாங்கிப் பூசிப் பார்த்து, தூக்குக்குண்டு பிடிக்கவும் ரசமட்டம் பார்க்கவும் பழகி, சில ஆண்டுகளில் கையாள் நிலையிலிருந்து கொத்தனார் ஆனவர்கள். அதே தளத்தில் அதே நாளில் சேர்ந்த பெண்ணிடம் யாரும் கரணையைக் கொடுப்பதில்லை. அவர் சாந்துச் சட்டி சுமப்பார், செங்கல் எடுத்துக் கொடுப்பார், மணல் சலிப்பார், பூசிய சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவார். இருபது ஆண்டுக்குப் பிறகும் சித்தாளாகவே இருப்பார். கூலியில் வேறுபாடு வருவதற்கு முன்பே கற்கும் வாய்ப்பில் வேறுபாடு வந்துவிடுகிறது. இத்தனைக்கும் சுமை தூக்கும் ஆண் உதவியாளுக்கும் சித்தாளைவிடக் கூலி அதிகம். அங்கே திறமை என்ற காரணமும் கிடையாது.

இதைவிட மோசமான ஏற்பாடு செங்கல் சூளையில் இருக்கிறது. முன்பணம் குடும்பத்துக்கு, கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. கணவன் மண் குழைக்க, மனைவி உருட்டிக் கொடுக்க, பிள்ளைகள் கல்லைத் திருப்பிப்போட, கணக்கு நோட்டில் கணவன் பெயர் மட்டும் இருக்கும். மனைவியின் கூலி குறைவு என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு கூலியே எழுதப்படவில்லை. எந்தச் சராசரியிலும் அவர் வருவதில்லை.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் இலட்சக்கணக்கான பெண்கள் இருக்கிறார்கள். அங்கே நிலை என்ன?

இந்தியாவில் பதிவுபெற்ற ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும் பகுதி ஆயத்த ஆடை, நூற்பு, தோல்பொருள், மின்னணு ஆகிய தொழில்களில். ஆகவே திருப்பூரின் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது பொருத்தம்.

அங்கே முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூலி ஒப்பந்தம் போடுகின்றன. அதில் ஆண், பெண் என்று எங்கும் எழுதியிருக்காது. வேலைகளே வரிசையாக இருக்கும். கட்டிங், டெய்லர், அயர்ன், பேக்கிங் ஆகியவை மேலே. செக்கிங் அதற்குக் கீழே. கைமடி என்ற தையல் உதவி வேலை, அடுக்கிக் கட்டுதல் போன்றவை அடியில். கம்பெனிக்குள் போய்ப் பார்த்தால் கட்டிங் மேசையிலும் அயர்ன் மேசையிலும் ஆண்கள் நிற்பார்கள். செக்கிங் விளக்குக்குக் கீழேயும் கைமடியிலும் பெண்கள் இருப்பார்கள். தையலில் இருபாலரும் உண்டு.

செக்கிங் என்ன அவ்வளவு எளிதா? ஒரு பனியனை விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், அளவு மாறிய கழுத்துப்பட்டி, சாய வேறுபாடு அனைத்தையும் சில நொடிகளில் கண்டுபிடித்து, பிசிறு வெட்டி, அடுத்ததை எடுக்க வேண்டும். நாள் முழுவதும் கண் அகலக் கூடாது. அங்கே தவறவிட்டால் வெளிநாட்டு பையர் (வாங்குபவர்) மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பலாம். இத்தனை பொறுப்புள்ள வேலை பட்டியலின் நடுவில் நிற்பதற்கு, அதைச் செய்பவர்கள் பெண்கள் என்பதைத் தவிர வலுவான வேறு காரணம் எங்களுக்குத் தென்படவில்லை.

ஷிப்ட் கணக்கு அடுத்த அடுக்கு. சரக்கு அனுப்பும் நெருக்கடியில் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று வேலை நீளும். வீட்டில் சமையலும் பிள்ளைகளும் காத்திருக்க, பெண்கள் பலர் முதல் ஷிப்ட்டோடு கிளம்பிவிடுகிறார்கள். சனிக்கிழமை சம்பளக் கவரில் விகித வேறுபாடும் நேர வேறுபாடும் சேர்ந்தே விழும்.

பட்டியலை மாற்ற முடியாது என்பதில்லை. 1968-இல் இலண்டன் டேகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கைக்கு உறை தைத்த பெண்கள், தங்கள் வேலையைத் திறன் குறைந்த வேலை என்று வகைப்படுத்தியதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்ந்தது, 1970-இல் பிரிட்டனின் சம ஊதியச் சட்டத்துக்கு அது ஒரு தூண்டுதலாயிற்று. ஆனால் அவர்கள் முதலில் கேட்ட வகைமாற்றம் 1984-இல் மீண்டும் வேலைநிறுத்தம் செய்த பிறகே கிடைத்தது. விகிதத்தை உயர்த்த ஒப்புக்கொள்பவர்கள்கூடத் தையலைத் திறன் என்று ஒப்புக்கொள்ளப் பதினாறு ஆண்டுகள் எடுத்தார்கள்.

நூற்பாலைகளும் மின்னணு ஆலைகளும் இளம்பெண்களையே தேடுவது ஏன்?

விடுதியில் தங்க வைக்கலாம், எந்த ஷிப்ட்டுக்கும் அழைக்கலாம், சில ஆண்டுகளில் அவர்களே போய்விடுவார்கள் என்பதால். கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் பரவியிருந்த சுமங்கலித் திட்டம் இதன் கடுமையான வடிவம்: மூன்றாண்டு வேலை, மாதக் கூலியில் பிடித்தம், முடிவில் திருமணச் செலவுக்கு என்று ஒரு தொகை. இடையில் உடல்நலம் கெட்டோ வேறு காரணத்தாலோ வெளியேறியவர்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனதுண்டு. ஆலை கொடுத்தது பரிசு அல்ல, பிடித்துவைத்த கூலி.

மின்னணு ஆலைகளில் அந்தத் திட்டம் இல்லை; விடுதி இருக்கிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், விடுதி உணவால் பலர் நோயுற்றதைத் தொடர்ந்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். ஊதியத்தைப் பொறுத்தவரை இங்கே கவனிக்க வேண்டியது பணிக்காலம். நான்கைந்து ஆண்டுகளில் வேலை முடிந்துவிட்டால் பணிமூப்பு ஊதிய உயர்வும் பதவி உயர்வும் யாருக்கும் வாய்ப்பதில்லை. ஒவ்வொரு புதிய அணியும் தொடக்க ஊதியத்திலேயே தொடங்கி, அதன் அருகிலேயே முடிகிறது.

தேயிலைத் தோட்டத்தில் இருபாலருக்கும் ஒரே நாட்கூலிதானே?

இப்போது ஆம். இலங்கை மலையகத்தில் 1984 வரை பெண்ணின் நாட்கூலி ஆணுடையதைவிடக் குறைவாகவே இருந்தது. அந்த ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகே சமமாயிற்று. கூலி சமமானாலும் நாள் சமமாகவில்லை. கவாத்து வெட்டும் (செடியைக் கத்தரிக்கும்), மருந்தடிக்கும் ஆண்கள் தங்களுக்குக் குறித்த அளவை முடித்துவிட்டு மதியத்தோடு போக முடிந்த தோட்டங்களில், கொழுந்து பறிக்கும் பெண்கள் மாலை நிறுவை வரை மலையில் நிற்க வேண்டியிருந்தது. குறித்த கிலோ சேராவிட்டால் அரை நாள் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான். மேற்பார்க்கும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பெரும்பாலும் ஆண்கள். தராசில் ஈரத்துக்கும் கூடைக்கும் என்று கழிப்பவரும் அவர்களே.

தொழிற்சங்கத் தலைமையும் ஆண்களிடமே இருந்தது. 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸை 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தபோது, நாட்கூலி 232 ரூபாய் பெற்றுவந்த பெண்கள் 500 ரூபாய் கேட்டு, சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துத் தாங்களே சாலைக்கு வந்தார்கள். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர்பெற்ற அந்தப் போராட்டம் ஒன்பது நாளில் 20 விழுக்காட்டை மீட்டது. கூலி பின்னர் 301 ரூபாய் ஆனது, 500 கிடைக்கவில்லை.

அரசு வேலையிலாவது வேறுபாடு இல்லை அல்லவா?

காலமுறை ஊதியத்தில், அதாவது பதவிக்கென்று வகுத்த நிலையான ஊதிய விகிதத்தில், இருப்பவர்களுக்கு இல்லை. ஆனால் பெண்களையே பெரிதும் நம்பி நடக்கும் அரசுப் பணிகள் பலவற்றை அந்தக் காலமுறை ஊதியத்துக்கு வெளியேதான் அரசு வைத்திருக்கிறது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளருக்கும், 2005-இல் தொடங்கிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் ஆஷா பணியாளருக்கும் ஒன்றிய அரசின் திட்டப்படி தரப்படுவது சம்பளம் அல்ல, மதிப்பூதியமும் ஊக்கத்தொகையும். சொந்த ஊரில் செய்யும் தொண்டு என்ற எண்ணத்தில் வடிவமைத்த பணிகள் இவை. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடு எழுதுவது, கணக்கெடுப்புக்குப் போவது என்று வேலை மட்டும் ஆண்டுதோறும் கூடியது. அங்கன்வாடிப் பணியாளருக்குப் பணிக்கொடை உண்டு என்பதையே 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் 1982-இல் தொடங்கியது. அதன் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் பணிகளில் பெரும்பாலோர் பெண்கள், அவர்கள் பெறுவது அதைவிடக் குறைந்த சிறப்புக் காலமுறை ஊதியம். முழுக் காலமுறை ஊதியம் கேட்டு அவர்கள் போராடாத ஆண்டு அரிது.

ஐ.டி. நிறுவனங்களில் வளாகத் தேர்விலேயே எல்லாருக்கும் ஒரே தொகை. இடைவெளி எங்கே வருகிறது?

சேரும்போது வருவதில்லை, ஐந்தாம் ஆண்டுக்கும் பத்தாம் ஆண்டுக்கும் இடையில் வருகிறது. அமெரிக்க வாடிக்கையாளரோடு இரவு ஒன்பது மணி அழைப்பில் இருப்பவர், திடீரென்று ஆன்சைட் (வாடிக்கையாளரின் இடத்துக்கு) போக முடிந்தவர், வார இறுதியில் மென்பொருள் வெளியீட்டுக்கு உட்காருபவர் ஆகியோருக்கு அப்ரைசலில் நல்ல மதிப்பீடு கிடைக்கிறது. 2023-இல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் அமெரிக்கத் தரவுகளை வைத்துக் காட்டியதும் இதையே: எப்போதும் கைக்கு எட்டும் தொலைவில் இருப்பவருக்கு மணிக்கணக்கைவிடக் கூடுதலாகக் கொட்டிக்கொடுக்கும் தொழில்களில் இடைவெளி பெரிது. ஒருவர் இடத்தில் இன்னொருவர் எளிதாக அமரக்கூடிய மருந்தாளுநர் பணியில் அங்கே அது மிகவும் சிறிது.

வேலை மாறும்போது எச்.ஆர். கேட்கும் "இப்போதைய சி.டி.சி. (மொத்த ஆண்டுச் சம்பளம்) எவ்வளவு?" என்ற கேள்வி, பழைய இடைவெளியைப் புதிய இடத்துக்குச் சுமந்து வருகிறது. மகப்பேற்று ஆண்டில் ஹைக் (ஊதிய உயர்வு) தவறியவர், அந்தத் தவறிய தொகையின் மேல்தான் அடுத்த விழுக்காட்டைப் பெறுவார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் வேலை உறுதிக்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு 2018 முதல் தடை விதித்திருக்கிறது. நம் ஊரில் அது நேர்காணலின் முதல் சுற்றிலேயே வரும்.

பெண்கள் தாங்களாகவே எளிய, நேரம் குறைந்த வேலைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சொல்லலாமா?

தேர்வு உண்டு, அது எந்தச் சூழலில் நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். அந்த வேலையில் ஈடுபடாத ஆண்கள் இந்தச் சராசரிக்குள் வருவதே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வருபவர், மிச்சமுள்ள நேரத்துக்குள் அடங்கும் வேலையைத்தான் எடுப்பார்.

மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது உதவியதா?

வேலையில் இருந்தவர்களுக்கு உதவியது. 1961-ஆம் ஆண்டின் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தம் 12 வாரத்தை 26 ஆக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. சிக்கல் செலவை யார் ஏற்பது என்பதில். மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருப்பவருக்கு அந்தக் காப்பீட்டுக் கழகம் கொடுக்கிறது. அதற்கு மேல் சம்பளம் பெறுபவருக்கு முதலாளியே முழுதும் கொடுக்க வேண்டும். இருபத்தாறு வாரச் சம்பளத்தை ஒரு சிறு நிறுவனம் தனியாகச் சுமக்கும் என்றால், நேர்காணலில் "கல்யாணம் எப்போது?" என்ற கேள்வி வருவதைத் தடுப்பது கடினம். தந்தையருக்கும் கட்டாய விடுப்பு தந்து, செலவைப் பொதுக் காப்பீட்டில் ஏற்றுவதே சரியான வழி என்பது எங்கள் நிலைப்பாடு.

இரவுப் பணித் தடை பெண்களின் ஊதியத்தைக் குறைத்ததா?

குறைத்தது, இரவு ஷிப்ட்டின் கூலி அவர்களுக்கு எட்டவே இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களுக்கு வேலை தரக் கூடாது என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் அந்தப் பிரிவை ரத்து செய்தது. பணிப் பாதுகாப்பு பற்றிய புதிய தொகுப்புச் சட்டமும் ஒப்புதலோடும் பாதுகாப்பு ஏற்பாடுகளோடும் அனுமதிக்கிறது. வண்டி வசதியும் வெளிச்சமும் இல்லாத இடத்தில் ஒப்புதல் என்பது வெறும் கையெழுத்தாகிவிடும் என்ற அச்சமும் நியாயமானதே.

ஜவுளிக் கடைப் பணியாளர்களுக்கு உட்காரும் உரிமை வந்ததே, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஏற்றத்தாழ்வு சம்பளத்தில் மட்டும் இல்லை என்பதற்கு அது சான்று. பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றே விற்றவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டம் திருத்தின. கழிப்பறைக்குப் போகும் நேரத்தைக் கணக்கெடுத்த கடைகளில் அதற்குமுன் யாரும் அதை ஏற்றத்தாழ்வு என்று அழைக்கவில்லை.

திரையுலகிலும் விளையாட்டிலும் சந்தைதானே விலையை முடிவு செய்கிறது?

கதாநாயகரின் ஊதியத்தைச் சந்தை முடிவு செய்கிறது என்று வாதிடலாம். ஆனால் மும்பைத் திரைத்துறையில் பெண்கள் சிகையலங்காரம் மட்டுமே செய்யலாம், ஒப்பனை செய்ய ஆண்களுக்கு மட்டுமே சங்க அட்டை என்று பல பத்தாண்டுகள் வைத்திருந்தது சந்தை அல்ல, சங்கத்தின் விதி. 2014-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. எந்தப் பெண்ணும் நுழையாதபடி கதவை அடைத்துவிட்டு, ஒப்பனையில் பெண்களே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்திய கிரிக்கெட் வாரியம் 2022 அக்டோபரில் இருபாலரின் போட்டிக் கட்டணத்தையும் சமமாக்கியது: டெஸ்ட்டுக்கு 15 இலட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 இலட்சம், இருபது ஓவர் போட்டிக்கு 3 இலட்சம். வரவேற்கத்தக்க முடிவு. அதே நேரத்தில் ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்ச வகைக்கு 7 கோடி, பெண்களின் உச்ச வகைக்கு 50 இலட்சம் என்று இருந்தது. தவிர, பெண்கள் ஆடும் டெஸ்ட் போட்டிகள் மிகச் சில. ஆடாத போட்டிக்குச் சமக் கட்டணம் இருந்து என்ன?

எனக்குக் குறைவாகத் தருகிறார்கள் என்று ஐயம் இருந்தால் என்ன செய்யலாம்?

சம்பள ஸ்லிப்பிலிருந்து தொடங்குங்கள். அதைத் தருவது முதலாளியின் கடமை. பதவிப் பெயரை விட்டுவிட்டு, நீங்கள் நாள்தோறும் செய்யும் வேலைகளையும், கையாளும் கருவிகளையும், கையெழுத்திடும் பொறுப்புகளையும் எழுதிவையுங்கள். ஒத்த வேலை செய்யும் ஆண் ஊழியரின் வேலையையும் அவ்வாறே எழுதுங்கள். சட்டம் பார்ப்பது வேலையின் தன்மையை என்பதால், பெயர் வேறாக இருப்பது மட்டும் முதலாளிக்குப் பாதுகாப்பாகாது. நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் தனியாகவோ சங்கத்தின் வழியாகவோ கோரிக்கை வைக்கலாம். உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் அதைச் செய்ய வேண்டும். குறைந்த ஊதியத்தோடு பாலியல் தொல்லையும் கலந்திருந்தால் அது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவுக்குப் போக வேண்டிய தனி முறையீடு.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பெரிய நிறுவனம் என்றால் ஆண்டறிக்கையைப் பாருங்கள். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ளவை ஆண், பெண் ஊழியரின் இடைநிலை ஊதியத்தை (ஊதிய வரிசையின் நடுவில் நிற்பவர் பெறுவதை) அதில் தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2022–23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. அதிகம் பேர் புரட்டாத பக்கம் அது. பிரிட்டன் 250 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களிடம் 2017 முதல் இத்தகைய விவரத்தைக் கேட்கிறது. ஐஸ்லாந்து ஒரு படி மேலே போய், 25 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தான் சமமாகக் கொடுப்பதை நிரூபித்துச் சான்று பெற வேண்டும் என்ற சட்டத்தை 2018-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

சமன் செய்வதற்காக ஆண்களின் ஊதியத்தைக் குறைத்துவிட மாட்டார்களா?

குறைக்க முடியாது. யாருடைய ஊதியத்தையும் குறைத்து இந்த விதிக்கு இணங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

தொழிற்சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே பெண்கள் செய்யும் வேலைக்குக் குறைவாக எழுதியிருந்தால்?

வேலை ஒத்த தன்மையுள்ளது என்று காட்ட முடிந்தால் ஒப்பந்தம் குறுக்கே நிற்காது. மெக்கின்னன் மெக்கன்ஸி வழக்கில் நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டியும் தப்பவில்லை. வேலை வேறானது, ஆனால் மதிப்பில் குறைந்ததல்ல என்றால் நீதிமன்றத்தைவிடப் பேச்சுவார்த்தை மேசையே வழி. அடுத்த ஒப்பந்தத்துக்கான கோரிக்கை மனு தயாராகும்போது எல்லா வகைக்கும் இத்தனை விழுக்காடு உயர்வு என்று கேட்பதோடு நிறுத்தாமல், செக்கிங்கும் கைமடியும் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதையும் மனுவில் தனிக் கோரிக்கையாகச் சேர்க்கச் சொல்லலாம். விழுக்காட்டு உயர்வு மட்டும் கேட்டால் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் ரூபாயில் உள்ள இடைவெளி ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பெரிதாகும்: 500 ரூபாயும் 300 ரூபாயும் பத்து விழுக்காடு உயர்ந்தால் 550-உம் 330-உம் ஆகும், 200 ரூபாய் வேறுபாடு 220 ஆகும். பேச்சுவார்த்தைக் குழுவில் செக்கிங் பிரிவிலிருந்து ஒருவராவது உட்கார வேண்டும் என்பதைச் சங்கப் பொதுக்குழுவிலேயே கேட்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.